வியாழக்கிழமைகளின் பின்வாசல்

இன்று காலை சிவப்பு விளக்கில் பிரேக் போட்டதும் அது கலகலத்தது. கார்க் கண்ணாடிக்குக் கீழே நீ வைத்துவிட்டுப் போன காய்ந்த தாமரைப் பொகுட்டு. உள்ளே ஆறோ ஏழோ விதைகள் இருக்கும். "இந்தக் கிலுகிலுப்பையைத் தூக்கி எறியடி" என்று உன்னை எத்தனை தரம் திட்டியிருப்பேன்! விளக்கு பச்சையாகியும் எனக்குக் கால் எழும்பவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. திகைப்புத்தான் இருக்கிறது. அதுவும் நீ செத்ததால் மட்டும் வந்த திகைப்பு இல்லை.

போன வருஷம் வசந்தத்தில் நீதான் தொடங்கினாய். "எனக்குச் சீனத் தோட்டத்திலை பைத்தியம் பிடிச்சிட்டுது. வியாழக்கிழமை உனக்கு லீவுதானே, கொண்டுபோய் விடுறியே?" நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் இருந்து அரை மணி நேர ஓட்டம். ஒரு மணிக்கு உன்னை வாசலில் இறக்கிவிட்டு, தமிழ்க் கடைக்குப் போய் மரக்கறி வாங்கி, அங்கே ஊர்க்கதை அளந்துவிட்டு, நாலு மணிக்கு வந்து ஏற்றுவேன். முதல் நாள் மட்டும் "உள்ளுக்கை வாவன்" என்று கூப்பிட்டாய். வந்தேன். வெள்ளைச் சுவர், வட்டமாக ஒரு வாசல், அதைத் தாண்டினால் முகத்துக்கு நேரே ஒரு பெரிய கல். "இந்தக் கல்லைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று திரும்பிவிட்டேன்.

"கண்ணுக்கு முன்னாலை எல்லாத்தையும் ஒரேயடியாப் பரப்பி வைச்சா அது தோட்டமில்லை, விளையாட்டு மைதானம்" என்றாய். பிறகு நீ என்னைக் கூப்பிடவேயில்லை.

திரும்பும் வழியெல்லாம் நீதான் கதைப்பாய். அரச சேவை வெறுத்துப்போன அதிகாரிகள் நகரத்துக்கு நடுவில் மதில் கட்டி, மதிலுக்குள்ளே தங்களுக்கென்று ஒரு மலையும் குளமும் செய்துகொண்ட கதை. ஏரியின் அடியில் தண்ணீர் அரித்துத் துளைபோட்ட கற்களைத் தூக்கிவந்து மலையாக அடுக்குவார்களாம். துளை போதாத கல்லைக் குடைந்து, திரும்ப ஏரிக்குள் போட்டுவிடுவார்களாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது பதமாகி வருமாம். "அவ்வளவு பொறுமை எனக்கில்லையடி அம்மா" என்று நான் கொட்டாவி விடுவேன். பாலத்தை ஏன் கோணல்மாணலாகக் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். பேய் நேர்வழியில் மட்டும்தான் போகுமென்று சனம் சொல்லுமாம். "உன்னை மாதிரி அவசரக்காரியளை மெதுவா நடக்க வைக்கத்தான்" என்று நீ சிரித்தாய்.

ஆடி மாதக் கோடை வெயிலிலும் கம்பளித் தொப்பி போட்டிருந்தாய். நான் அதையும் பகிடி பண்ணினேன். "ஏன்டி இப்பிடி மெலிஞ்சு போட்டாய்?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "சீனத் தோட்டத்திலை மெலிஞ்ச கல்லுக்குத்தான் மதிப்பு, தெரியாதோ?" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கடைசி வியாழன், காய்ச்சல் என்று நீ வரவில்லை. திங்கட்கிழமை நீ இல்லை. நித்திரையில் இதயம் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எரியூட்டும் மண்டபத்துக்கு வந்தேன். வாசலில் உன் மகள் என்னைக் கட்டிப் பிடித்தாள். படிக்கப் போயிருந்த ஆஹென் நகரத்தில் இருந்து இரவோடிரவாக வந்திருந்தாள்.

"அன்ரி, ஒவ்வொரு வியாழனும் கான்சர் மருந்து ஏறி முடியுமட்டும் அம்மான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். நீங்கள் பக்கத்திலை இருக்கிறியள் எண்டு அம்மா சொன்ன துணிவிலைதான் நான் அங்கை இருந்து சோதினை எழுதினனான்."

எந்த மருந்து? எந்தக் கை? ஆஸ்பத்திரியின் பெயரை அவள் சொன்னாள். என் மனுசன் நாலாம் மாடியில் கண்மூடிய அதே ஆஸ்பத்திரி. "இனி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்க மாட்டன்" என்று உன் தோளில் விழுந்து கத்தியவள் நான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "ஓம் பிள்ளை" என்றேன்.

அந்த ஒரு சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அடுத்த வியாழன் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் காவலுக்கு இருக்கும் ஜெர்மன் அம்மாவிடம் உன் படத்தைக் காட்டினேன். "தொப்பிக்காரப் பெண்ணா?" என்று முகம் மலர்ந்தாள். "ஒரு மணிக்கு உள்ளே வருவார். பின்வாசலால் போனால் ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிட ஏற்றம். மூன்று மணிக்குப் பிறகு திரும்பி வந்து, அந்தக் குழாயில் முகம் கழுவிவிட்டுக் குளத்து மண்டபத்தில் இருப்பார். போகும்போது என்னிடம், 'முகம் சரியாக இருக்கிறதா?' என்று கேட்பார். நான் 'அழகாக இருக்கிறது' என்பேன்."

நான் வந்துபோகும் முன்வாசல் ரோட்டில் இருந்து பார்த்தால் அந்த ஆஸ்பத்திரி கண்ணிலேயே படாது. கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். கல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய குளம் இருக்கிறதா! ஓரத்தில் வளைந்த கூரை, சாம்பல் ஓடுகள், ஒன்றைப்போல் ஒன்றில்லாத சாளரங்கள். கோணல் பாலத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே குளம் வேறு குளமாகத் தெரிந்தது. இத்தனை அழகை வாசலில் நின்று ஒரு கல் என்று சொன்னேனே.

மண்டபத்தில் நீ இருந்த இடத்தில் இருந்தேன். எதிர்ச்சுவரில் வட்டச் சாளரம். வெளியே தெரியும் மலையையோ கோபுரத்தையோ சாளரத்துக்குள் பிடித்துத் தோட்டத்தின் காட்சியாக்கிவிடுவார்கள், அது இரவல் காட்சி என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் பார்த்தேன். மூங்கிலுக்கு மேலே, வட்டத்துக்குள் பிசகாமல், அந்த ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி. அடி விசரி, இதைத்தானா இரவல் வாங்கிப் பார்த்துக்கொண்டு இருந்தாய்? எனக்கு அதைக் காட்டாமல் இருக்கவா ஒரு வருஷம் கல்லையும் பாலத்தையும் கதைத்தாய்? உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

போன வியாழன் உன் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அதே இடத்தில் இருத்தி, முழுவதையும் சொன்னேன்.

"அப்ப அம்மா தனியவோ இருந்தவா?" என்றாள்.

"ஓம் பிள்ளை. நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நிண்டனான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழும்பிப் போய் அந்தக் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். ஈரத்தோடு என் பக்கம் திரும்பி, "அன்ரி, முகம் சரியா இருக்கோ?" என்று கேட்டாள். அம்மாவின் வழக்கத்தை நான் சொன்னதை நினைத்துக் கேட்டாளோ, தன்னை அறியாமல் கேட்டாளோ தெரியாது.

"இல்லை, சரியில்லை. வா, வந்து இரு" என்றேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மருந்து ஏறி முடியும் அளவு நேரம் இருந்தேன். நாலு மணி தாண்டி, அந்த ஜெர்மன் அம்மா வந்து பூட்டப்போவதாகச் சொல்லும்வரைக்கும் இருந்தோம்.

பொகுட்டை நான் எறியவில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி ரயில் நிலைய வாசலில் இறக்கிவிடச் சொன்னாள். நிறுத்தினேன், சாவியைக் கழற்றினேன், நானும் இறங்கினேன். "நீங்கள் ஏன் அக்கா இறங்கிறியள்?" என்று அவள் விழித்தாள். உள்ளே வருகிறேன் என்றேன்.