நான்காம் உதாரணம்

சப்போரோ
1980 டிசம்பர் 12

அன்புள்ள மிசாவோவுக்கு,

இங்கே பனி மாவு போல உலர்ந்து விழுகிறது. கையில் எடுத்து ஊதினால் பறக்கும். நம் ஊரில் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு விழுந்து கனக்குமே, அந்தப் பனியை நினைக்கும்போது உன்னையும் நினைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாம் பிரிந்து ஆறு வருடமாகியும் நீ ஒரு வரி எழுதவில்லை. அது உன் இஷ்டம். நான் குறையாகச் சொல்லவில்லை.

ஒரு நல்ல செய்தி. நம் வீட்டைப் பனிக் காட்சியகம் ஆக்க நகரசபை முடிவு செய்திருக்கிறது. வசந்தத்தில் திறப்பு விழா. வாசலில் என் பெயர் இருக்கும். கொள்ளுத்தாத்தா நட்ட நடுத்தூணுக்குப் பக்கத்தில் நான் எடுத்த பனிப்படிகப் படங்களை மாட்டப்போகிறார்கள். நீ பின்கட்டில் இப்போது போலவே இருந்துகொள்ளலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வருடம் பனி அதிகம் என்கிறார்கள். என் தகரக் கூரையில் நீ தடுப்புக் கட்டைகள் அடித்த பிறகு பனி தானாகச் சறுக்குவதில்லை. ஆள் வைத்து வழித்துத் தள்ளிவிடு. கூலியை நான் அனுப்புகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
கியோஹிதே


ஹோசோசாவா
1980 டிசம்பர் 20

பேராசிரியர் கியோஹிதே அவர்களுக்கு,

முழங்காலை விசாரித்ததற்கு நன்றி. வலது முழங்கால் வலிக்கிறது, இடது அதற்குத் துணை போகிறது.

நான் இப்போது உங்கள் வீட்டில் இல்லை. போன வாரம் என் தம்பி மனைவி ஃபுஜினோவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறேன். பூனைகூட உள்ளே போகாது. கூரையை வழிக்க நான் யாரையும் கூப்பிடப்போவதில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பனி விபத்துகளைப் பற்றி நீங்கள் எழுதிய புத்தகத்தில் மூன்றாம் உதாரணத்தை எடுத்துப் பாருங்கள். "முப்பத்தாறு வயது ஆண். எச்சரிக்கையை மதிக்காமல் கூரை விளிம்பின் கீழ் சென்றார்." அந்த ஆணுக்குத் தமேஜி என்று பெயர் உண்டு. என் தம்பி. அவன் உங்களிடம் கேட்டபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அத்தான், கூரைப் பனி சறுக்குமா?"

"இன்னிக்குச் சறுக்காதுடா. குளிரைப் பாத்தேல்ல? தைரியமா போ."

வெளியே இருந்த குளிரைத்தான் பார்த்தீர்கள். விருந்துக்காக உள்ளே மூன்று அடுப்பு எரிந்ததைப் பார்க்கவில்லை. சூடு ஏறித் தகரத்தின் மேல் பனியின் அடி உருகியது. மொத்தமாக வழுக்கி வந்தது. இதையெல்லாம் அடுத்த பக்கத்தில் நீங்களே அழகாக விளக்கியிருக்கிறீர்கள். என் தம்பி செத்துக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றுங்கள்: "சறுக்காது என்று சொன்னவன் நான்." அந்தத் தாள் என் கைக்கு வந்த அன்றே ஆட்கள் கூரையில் ஏறுவார்கள்.

மிசாவோ


சப்போரோ
1980 டிசம்பர் 27

அன்புள்ள மிசாவோ,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. தமேஜியை நான் சொந்தத் தம்பியாகத்தான் நினைத்தேன். ஆனால் அறிவியலில் பெயர்கள் வருவதில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டியது நிகழ்வு மட்டும்தான்.

நிதானமாக யோசி. புதுப் பனி பஞ்சு போலத்தான் இருக்கும். ஆனால் நாளாக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அமுங்கும். ஆள் உயரத்துக்கு அமுங்கிய பனி என்றால், ஒவ்வொரு பாய் அகலத்திலும் ஒரு குதிரையை நிறுத்திய பாரம். நம் விட்டங்கள் எவ்வளவு நாள் தாங்கும்?

தொலைபேசியில் கூப்பிட்டால் ஃபுஜினோ என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அதனால் ஊர்த்தலைவர் இவாகோஷியிடம் பேசினேன். அவர் வருவார். அவர் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காதே.

கியோஹிதே


ஹோசோசாவா
1981 ஜனவரி 5

பேராசிரியர் அவர்களுக்கு,

புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய உப்புச் சால்மன் வந்தது. நன்றாக இருந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

தலைவர் வந்தார். இடுப்பளவு பனியில் நீந்தாத குறையாக வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா மிசாவோ, ஊர்ல எல்லாக் கூரையும் மூணு தடவை வழிச்சாச்சு. உன் வீடு மட்டும் பெரிய தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது. ஒரு வார்த்தை சொல்லு, பத்துப் பேர் ஏறிடுறோம்."

"தமேஜியக் கீழ போகச் சொன்னவர் வந்து ஏறட்டும்."

வீட்டில் குடியிருப்பவள் வாய் திறந்து கேட்காமல் அவள் கூரையில் இந்த ஊரில் எவனும் கால் வைக்க மாட்டான். நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே, மறந்திருக்க மாட்டீர்கள். ஃபுஜினோ தலைவர் பக்கம் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"டீ ஆறுது, குடிங்க தலைவரே. ஆறு வருஷமா நான் தனியா என் கூரையில ஏறுறேன். அப்ப யாரு வீட்டுத் தொப்பியும் உங்க கண்ணுல படலையே!"

பாவம், நல்ல மனிதர். குடித்துவிட்டுப் போனார்.

உங்களுக்குப் பிடித்த செய்திகளும் உண்டு. கொல்லைச் சீமைப்பனிச்சை மரத்தின் கீழ்க்கிளைகளைப் பனி பிடித்திழுத்து முறித்துவிட்டது. முயல்கள் பனி மேட்டில் ஏறி நின்று மேல்கிளைப் பட்டையைத் தின்கின்றன. பனிக்குள் புதைத்த முள்ளங்கி நன்றாக இனிக்கிறது. தினமும் போய் வீட்டைப் பார்க்கிறேன். வாசல் கதவு இப்போது நகர்வதில்லை. மேல்விட்டம் அமுங்கிவிட்டது போலிருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறைப்பானேன்?

ஒரே ஒரு வாக்கியம். இன்னும் காத்திருக்கிறேன்.

மிசாவோ


அவோமோரி, ரயிலடி விடுதி
1981 ஜனவரி 9

மிசாவோ,

நானே கிளம்பி வந்துவிட்டேன். கடலைத் தாண்டி இதுவரை வந்தாயிற்று, இதற்கு மேல் ரயில் இல்லை. தபால் மட்டும் எப்படியோ போகும் என்கிறார்கள்.

மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. மழை பெய்தால் அந்தப் பனி அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நீ அடித்த கட்டைகள் அதை விடாது. தயவுசெய்து இன்றைக்கே ஆட்களை ஏற்று. நான் பிறந்த வீடு மிசாவோ. என் அம்மா கண்மூடிய வீடு.

இப்படிச் செய்கிறேன். அடுத்த பதிப்பில் மூன்றாம் உதாரணத்தையே எடுத்துவிடுகிறேன். தமேஜியைப் பற்றி ஒரு எழுத்துகூட இருக்காது. யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம். ஆனால் நீ கேட்கிற அந்த வாக்கியத்தை மட்டும் என்னால் எழுத முடியாது. சறுக்காது என்று நான் சொன்னதாக அச்சில் வந்துவிட்டால், என் முப்பது வருட உழைப்பை அப்புறம் யார் மதிப்பார்கள்?

உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன்.

கியோஹிதே


ஹோசோசாவா
1981 ஜனவரி 15

பேராசிரியர் கியோஹிதே அவர்களுக்கு,

ரயில் இல்லாமல் நீங்கள் சப்போரோவுக்கே திரும்பிவிட்டதாகத் தலைவர் சொன்னார். அதனால் இதை அங்கேயே அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் 13ஆம் தேதி கிடைத்தது. அப்போது மழை இன்னும் தொடங்கவில்லை. பத்துப் பேர் தயாராக இருந்தார்கள். கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். என் தம்பியைக் கொன்றது போதாதென்று, இருந்த ஒரு பக்கத்திலிருந்தும் அவனைத் துடைத்தெறியப் பார்த்தீர்கள். நான் ஆட்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

பனியைக் கவனிப்பதும் எழுதுவதும் உங்களிடம் கற்றதுதான். அதனால் முறைப்படி எழுதுகிறேன்.

ஜனவரி 14, பிற்பகல். இரண்டு மாடி மரவீடு. கூரையில் மழையைக் குடித்த பனி. முதலில் மாடிச் சுவரில் காரை உதிர்ந்தது. பிறகு நடுத்தூண் விலகியது, கூரை முழுவதும் உள்ளே இறங்கியது. பனி சத்தத்தை விழுங்கும் என்பார்கள், இந்தச் சத்தத்தை விழுங்கவில்லை. விழுந்த பனி நின்றதும் இறுகிவிட்டது, மண்வெட்டி இறங்கவில்லை. தமேஜி புதைந்த அன்றும் இறங்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. உரிமையாளர்: ஐம்பத்துமூன்று வயது ஆண். எழுத்து மூலம் இருமுறை எச்சரிக்கப்பட்டவர். எச்சரிக்கையை மதிக்கவில்லை. அறிவியலில் பெயர்கள் வருவதில்லை.

இருபது வருடம் சமைத்த அடுப்படி அது. நான் அழுதேன். ஃபுஜினோ அழவில்லை. தமேஜியின் கிண்ணத்தில் சாக்கே மது ஊற்றி அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மூன்றாம் உதாரணத்தை எடுக்காதீர்கள். அதற்குக் கீழேயே இதையும் போடுங்கள். இந்த முறை அந்த வரி உண்மை.

தமேஜியின் அக்கா,
மிசாவோ