அப்பா முகம் உனக்கு, அம்மா முகம் எனக்கு

யாருமால்,
மழைக்காலம், ஞாயிறு காலை.

அன்புத் தம்பி எலியேசருக்கு,

இங்கே மாடுகள் நலம், மழையும் நலம். மனிதர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். கடல் தாண்டிச் சரகோசாவில் உனக்கும் பெகோன்யாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மெர்சேத் மாதாவை வேண்டிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். இப்போதெல்லாம் விட்டதைத் திரும்பப் பிடிப்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது.

பெகோன்யா கர்ப்பமாக இருக்கிறாள் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம், அடுத்த வார்த்தையிலேயே போய்விட்டது. "இந்த மூஞ்சியோட இன்னொண்ணு வேணாம்க்கா, பொறக்கறதுக்குள்ள நான் வேற ஊருக்குப் போயிடறேன்" என்றாய். அன்று ராத்திரி முழுக்க உன்மேல் எனக்குக் கோபம். காலையில்தான் அது உன்மேல் வர வேண்டிய கோபம் இல்லை என்று புரிந்தது.

முதலில் ஊர்ச் செய்தி. நம் மறதி நோய்க்கான அந்த ஊசி மருந்து ஆராய்ச்சி முடிந்துவிட்டது. கோயில் கூடத்துக்கு எல்லாக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். மெடெயினிலிருந்து டாக்டர் லியோனோர் வந்திருந்தார். மருந்து போட்டவர்களுக்கும், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லையாம். இதைச் சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். கையில் இருந்த தாளைப் படிக்க முடியாமல் நின்றார். நம் எவேலியோ சித்தப்பாதான் பின்னாலிருந்து, "டாக்டரம்மா, நீங்க ஏன் அழுவுறீங்க? எங்க சனம் இந்த ஏமாத்தத்தைச் சீக்கிரம் மறந்துடும். நீங்கதான் பாவம், சாகுற வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கணும்" என்றார். கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர்கள் அதை அல்சைமர் என்கிறார்கள். நாம் போபேரா என்கிறோம். ஒரு நோய்க்கு அசட்டுத்தனம் என்று பெயர் வைத்த ஊர் நம்முடையது. அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் ஒன்றை நம் வீட்டிலேயே வளர்த்தோம். இது அப்பா வழி நோய் என்பதால், அப்பா ஜாடை யாருக்கோ அவருக்கே வரும் என்று நம்பினோம். நீ பிறந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "அப்படியே அப்பன் மூஞ்சி, ஐயோ பாவம்" என்றார்களாம். அன்றே உனக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அப்பா நாற்பத்து நாலு வயதில் பால் கறந்த வாளியை ஓடையில் கொட்டிவிட்டு வந்து நின்றபோது அம்மா அவரைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். நீ நன்றாகப் படித்தாய். "எல்லாம் அழிஞ்சுபோற தலைக்கு எதுக்குடா படிப்பு" என்று நிறுத்திவிட்டாள். நூபியா வீட்டில் பெண் கேட்டபோது அவள் அப்பா உன் முகத்தைப் பார்த்தே முடியாது என்றார். எனக்கோ அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. அந்த மூக்கை நம்பி எனக்குக் கல்யாணம் நடந்தது, மாரிசெல் பிறந்தாள். எல்லோரும் எனக்கு ஒரே ஒரு வேலைதான் வைத்திருந்தார்கள்: நீ விழும்போது உன்னைப் பார்த்துக்கொள்வது. நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

ஆராய்ச்சி முடிந்ததால், அவரவர் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மட்டும் இப்போது சொல்கிறார்கள். நான் கேட்டேன். அதற்கு முன் ஒருநாள், காப்பி வடிகட்டும் துணிக்கு என்ன பெயர் என்று கடையில் நின்று யோசித்துக் கையால் காட்டி வாங்கிவந்தேன். அது களைப்பு என்றுதான் நினைத்தேன். வெறும் களைப்புதான் என்று அவர்கள் வாயால் கேட்டுவிட்டால், நாளைக்கு உன்னைத் தைரியமாகப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

முடிவு சொல்ல அங்கே இருந்த பெண் பேசுவதற்கு முன் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். தாகம் என்று நான் சொல்லவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்கு இருக்கிறது, தம்பி.

"எனக்கு எங்கம்மா மூக்குங்க, நல்லாப் பாருங்க" என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். "மூக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க அக்கா" என்றாள். அப்படியானால் என் தம்பி தப்பித்தானா என்று கேட்டேன். பொய் சொல்லியாவது ஆமாம் என்பாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "உங்களுக்கு இருக்கறதால அவருக்கு இல்லைன்னு ஆயிடாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதிக்குப் பாதி. அவரே கேட்டாத்தான் தெரியும்" என்றாள். உனக்கும் நான் பொய் சொல்லப்போவதில்லை. பாதிக்குப் பாதி. ஆனால் நீ தொட்டிலிலிருந்தே முழுசாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். எவேலியோ சித்தப்பாவைப் பார். அவரும் அப்பாவும் ஒரே அச்சு. எழுபது தாண்டியும் ஊரில் யார் மாடு யார் வேலியைத் தாண்டியது என்று தேதியோடு சொல்கிறார். கண்ணெதிரே அந்த முகம் நடமாடியும் நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நம் மலைக்காரி ஒருத்திக்கு இந்த நோய் ரத்தத்தில் இருந்தும் எழுபது வயது வரை நினைவு தப்பவில்லையாம். வேறு ஏதோ ஒன்று அவளுக்குக் காவல் நின்றிருக்கிறது. இறந்தபிறகு அவள் மூளையையும் ஆராய்ந்தார்கள். அந்தக் காவலை மருந்தாக்கப் பார்க்கிறோம் என்று டாக்டர் லியோனோர் சொன்னார். எனக்கு அது எட்டாது. நான் போனபிறகு என் மூளையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மாரிசெல் அழுதாள். அழும்போது அவள் மோவாய் நம் அப்பாவுடையது போல இருக்கிறதா என்று என் கண் தேடியது. தேடிய கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது, எலியேசர். சாவுக்கு இல்லை. மாரிசெல் என்னைக் குளிப்பாட்டும் நாளில் நான் அவளை யாரென்று கேட்பேனே, அதற்கு.

உன் ரத்தத்தைப் பற்றிக் கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். பெகோன்யாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல். சொல்லிவிட்டு அங்கேயே இரு. போவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும், நீயாகச் சொல்லாதே. குழந்தை பிறந்ததும் எட்டிப் பார்க்க வருபவர்கள் யார் ஜாடை என்று தொடங்கினால், பால் குடிக்கிற நேரம் என்று சொல்லிக் கதவைச் சாத்து.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். டிசம்பரில் முடிந்தால் வா, முடியாவிட்டால் குழந்தை நடக்கத் தொடங்கியபிறகு வா. எப்போது வந்தாலும், வாசலில் உன்னைக் கண்டதும் நான் எழுந்து நின்று "அப்பா" என்று கூப்பிட்டால், திருத்தாதே. "வந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வா.

உன் அக்கா,
ரோசல்பா