மேல்தகடு இல்லாத வண்டி

அந்த அலுமினியத் துண்டு இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. நான்கு மூலையிலும் திருகாணித் துளை, ஓரத்தில் காய்ந்த காக்கை எச்சம். இன்று காலை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நானே கழற்றினேன். ஸ்குரூ டிரைவரைத் திருகித் திருகி உள்ளங்கை கன்றிவிட்டது. அந்தக் கையால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் "சார் தங்கமான மனுஷன்" என்கிறார்கள். நானும் தலையை ஆட்டி வைக்கிறேன். வேறென்ன செய்ய?

இத்தனை வருடத்தில் உங்களிடம் நான் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் ரிட்டயர் ஆன பிறகு ஊர் சுற்ற வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் எழுந்த பிறகு எழுந்து, அவர்கள் போடுகிற காப்பியைச் சிரித்துக்கொண்டே குடிக்கிற கதை வேண்டாம். நம் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக நமக்கென்று ஒரு வீட்டு வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு. வேளாங்கண்ணிக் கடலோரமாக நிறுத்தி, என் அடுப்பில் என் காப்பியைப் போட்டுக் குடித்துக்கொண்டு கடலைப் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட மணிக்கு ஓடியவளின் ஆசை அது.

"அம்புட்டுத்தானா? பஸ்ஸுக்கே பாடி கட்டுனவன்டி நான். இது எம்மாத்திரம்!" என்றீர்கள்.

குறை சொல்லக் கூடாது. பஸ் டிப்போ பட்டறையில் இருந்த கை அல்லவா. வெல்டர் சவரிமுத்துவைக் கூட்டி வந்து ஆறே மாதத்தில் அச்சு, சக்கரம், இரும்புக்கூடு எல்லாம் முடித்துவிட்டீர்கள். வீட்டுக்குப் பின்னால் அது நின்ற நிற்பைப் பார்த்து நான் அன்றைக்கே போய் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்தேன். மஞ்சளில் சின்னப் பூப் போட்டது. தைத்தும் விட்டேன். கூட்டுக்கு மேல் வெளித்தகடு அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் பிடித்தது சனி. எந்தத் தகடு என்று உங்களால் முடிவு பண்ண முடியவில்லை. தகரம் என்றால் துருப் பிடிக்கும், வெயிலில் உள்ளே உட்கார முடியாது. பிளைவுட் என்றால் ஓரத்தில் ஈரம் ஏறி அப்பளமாக உப்பிவிடும். ஃபைபர் ஷீட் நம் ஊர் வெயிலுக்கு வெளுத்து வெடிக்கும். அலுமினியம் துருப் பிடிக்காது, எடையும் இல்லை. ஆனால் இரும்பு படுகிற இடத்தில் அரிக்குமாம், நடுவில் ரப்பர் கொடுக்க வேண்டுமாம். ராத்திரிச் சாப்பாட்டில் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொள்ள மறந்து இதையே பேசினீர்கள். கடைசியில், "கடைக்காரன் பேச்செல்லாம் நம்ப முடியாது. மழையில வச்சுப் பாக்கணும்" என்று நான்கிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி மாடிச் சுவரில் முடுக்கினீர்கள்.

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு மழைக்குக் காத்திருந்த மகராசன்!

முதல் வருடம் ஐப்பசியில் நல்ல மழை. "ஒரு மழையில என்ன தெரியும்? இன்னொரு மழை பாப்போம்" என்றீர்கள். அடுத்த வருடம் மழை சிறுமலையோடு நின்றுகொண்டது; நமக்கு வெறும் காற்று. மூன்றாவது வருடம் கொட்டியது. "காத்து மேக்க இருந்து அடிச்சிருச்சு, தகட்டுல சரியாப் படல" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "டீச்சர், வண்டி எப்பக் கெளம்புது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "மழை பேயட்டும்" என்று நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உங்களை விட்டுக்கொடுக்க மனம் வராது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். "ஏங்க, எதையாவது ஒண்ண அடிங்க. சாக்கக் கட்டுங்க, அதுலகூட நான் வாரேன்."

"செத்தப் பொறு. அவசரப்பட்டா நடுரோட்டுல நீதான் நனைஞ்சுக்கிட்டு நிக்கணும்."

நான் நனையக் கூடாது என்றுதான் இத்தனை பாடு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு உங்களை நச்சரிக்கவில்லை. மாசியில் ஒரு மத்தியானம், வாசலில் எப்போதும் கிடக்கும் உங்கள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். கூட்டின்மேல் இப்போது சுரைக்கொடி ஏறிக் கிடக்கிறது.

போனது போகட்டும், வண்டியை முடித்துவிடலாம் என்று இன்று சவரிமுத்துவை வரச் சொன்னேன். அவனிடம் காட்டுவதற்காகத்தான் துண்டுகளைக் கழற்றினேன். அலுமினியத்தின் பின்பக்கம், சுவரைப் பார்த்து இருந்த பக்கம், பஸ்ஸுக்கு நம்பர் எழுதுகிற உங்கள் கையெழுத்து. சிவப்புப் பெயிண்டில்: "முதல் மழை. துரு இல்லை. அரிப்பு இல்லை. இதுதான்."

சவரிமுத்துவிடம் நீட்டினேன். அவன் தரையைப் பார்த்தான்.

"மொத மழை விட்ட மறுநாளே கழட்டி எழுதித் திரும்ப மாட்டிட்டாரு டீச்சர். தகடு வாங்கப் போவமான்னு கேட்டேன். ‘ஏலே, அடிச்சு முடிச்சாக் கெளம்பணும்ல. எனக்கு எங்கயும் போக வேணாம்டா. இந்த வீடும் இந்தச் சேரும் போதும். அவகிட்டச் சொல்லிறாத’ன்னாரு."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அப்படி என்ன கஷ்டம்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறியிருப்பேன். அப்போது என் முழங்கால் நன்றாக இருந்தது. மூன்று வருடம் என்னை வானத்தைப் பார்க்க வைத்தீர்களே, பாவி மனுஷா! துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன், மலைப் பக்கம் இருட்டும். போட்டது போட்டபடி ஓடி வந்து, "ஏங்க, சிறுமலைப் பக்கம் கருக்குதுங்க" என்பேன். நீங்களும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பீர்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அலுமினியமே வாங்கி வரச் சொல்லிவிட்டேன். நடுவில் ரப்பர் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜீப்பை அவனே ஓட்டுகிறானாம். கட்டிலில் ஏறி இறங்க எனக்கு ஒரு படி வைத்துத் தருகிறானாம். கடல் வரை போய்விட்டு வருவேன், உங்களை நினைக்காமல்.

அவன் போன பிறகு மாடிக் கதவைச் சாத்தப் போனேன். மலைப் பக்கம் நன்றாகக் கருத்திருந்தது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று படி இறங்கி ஓடி வந்தேன். "ஏங்க" என்று வாயைத் திறந்தும் விட்டேன். சேருக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் நினைவு வந்தது.