வலது கால் இரண்டு நூல் பெரிது

ஹா லெபோனா, மலைநாடு, லெசோதோ
6 ஏப்ரல் 1996

பெரியத்தான் மொட்லாட்சி அவர்களுக்கு, உங்கள் தம்பி செகாகேயின் மனைவி மாலினேயோ எழுதுவது. அமைதியும் மழையும் உண்டாவதாக.

பெரிய வியாழன் பூசைக்கு எங்கள் கோயிலில் இருந்தவர்கள்: சாமியார் ஒருவர்; கால் கழுவ உட்கார்ந்த ஆண்கள் பன்னிரண்டு பேர், அதில் ஒன்பதாவது உங்கள் தம்பி; பாட்டுப் பாடின பெண்கள் ஏழு பேர்; வெந்நீர்க் கெட்டிலோடு நான்; வாசலில் பக்கத்து வீட்டு மாபுலேங். மொத்தம் இருபத்திரண்டு பேர். இவ்வளவு சரியாக எழுதுவது, நடந்ததை நான் கூட்டிச் சொல்லவில்லை என்று நீங்கள் நம்புவதற்காக.

எட்டுப் பேரோடு முதல் கெட்டில் தீர்ந்தது. இரண்டாவதில் பச்சைத்தண்ணீர் கலக்க மறந்து அப்படியே கொடுத்துவிட்டேன். சாமியார் உங்கள் தம்பியின் காலில் ஊற்றினார். தெறித்தது தன் விரலில் பட்டதும் "அம்மா!" என்று செம்பைப் போட்டார். உங்கள் தம்பியோ அசையாமல் உட்கார்ந்துகொண்டு, "என்ன சாமி, தண்ணி அவ்ளோ ஜில்லுன்னா இருக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கால் இறால் நிறத்துக்குச் சிவந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சாமியார் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலின் கீழே சோளப்பருக்கை அளவு குழி. அதற்குள் ஒரு சிறு கல். எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மருந்தகத்து நர்ஸ் கௌஹேலோ சர்க்கரை என்றாள். "இந்தக் கால் இனிமே வலிக்குதுன்னு சொல்லாது, அக்கா. நீங்கதான் அதுக்குப் பதிலா பார்த்துக்கணும். இன்னொரு தடவை ஈரத்துல ஊறிப் புண்ணாச்சுன்னா கணுக்காலுக்கு மேல எடுத்துருவாங்க."

அவருடைய வேலை உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும். போக ஒரு மணி நேரம், வழியில் மூன்று ஓடை. விடச் சொன்னால், "நான் போகலேன்னா ஆறு ஏறுதா இறங்குதான்னு கீழ இருக்கிறவங்களுக்கு யார் சொல்லுவா, நீயா?" என்கிறார். காலில் போடுவதும் அந்தப் பழைய பூட்ஸையேதான்.

எந்தப் பூட்ஸ் என்று உங்களுக்குத் தெரியும். மாமனார் இறந்து, தாய்மாமா துணிமணிகளைப் பிரித்துக் கொடுத்த நாளில், மூத்த பிள்ளை நீங்கள் வந்து சேர்வதற்குள் அவருடைய பூட்ஸ் இவர் காலுக்குப் போய்விட்டது. நீங்கள் முற்றத்தில் நின்று அதைப் பார்த்தீர்கள். ஒரு வாய் களி சாப்பிடாமல் திரும்பினீர்கள். ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வரி இல்லை.

பழையதைக் கிளற எழுதவில்லை. இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில் தண்ணீரில் நின்று வேலை செய்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். நனையாத, உழைக்கிற, தினமும் போடக்கூடிய பூட்ஸ் எது? பனி விழுவதற்குள் நான் வாங்கியாக வேண்டும். எழுதுவது அவருக்குத் தெரியாது.

தங்கள் அன்புள்ள,
மாலினேயோ


சுரங்க விடுதி, வெல்கோம்
24 ஏப்ரல் 1996

தம்பி மனைவிக்கு,

கடிதம் வந்தது. பூட்ஸைப் பற்றிக் கேட்டதால் பூட்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மலையில் எல்லாரும் போடுகிற ரப்பர் பூட்ஸ் வேண்டாம். அது வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்வேர்வையையும் வெளியே விடாது. ஒரு மணி நேரம் நடந்தால் தோல் ஊறிவிடும். ஊறின தோல் சீக்கிரம் கிழியும். தோல் பூட்ஸ்தான் சரி.

அவனிடம் அளவு கேட்காதே. மரத்த கால்காரன் எதைப் போட்டாலும் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லுவான். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், உட்கார வைக்காமல் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து அனுப்பு. பென்சிலைச் சாய்க்காதே.

இப்போது போடுவது எங்கே ஒழுகுகிறது? எப்படி உலர்த்துகிறான்?

மொட்லாட்சி


ஹா லெபோனா
5 மே 1996

பெரியத்தான் அவர்களுக்கு, ஆண்டவருக்குத் தோத்திரம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பஸ் நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டேன். டிரைவர் என்னவோ ஏதோவென்று தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மாவுப் பையின் தாளில் இரண்டு பாதமும் வரைந்து வைத்திருக்கிறேன். வரைய விட்டாரா மனுஷர்! "என்னடி, பெட்டிக்கு அளவு எடுக்கிறியா?" என்றார். "பெட்டிக்கு நீளம்தான் எடுப்பாங்க, யாரும் பாதம் எடுக்க மாட்டாங்க. ஆடாம நில்லுங்க" என்றேன். நாடாவில் அளந்தால் வலது கால் இடதைவிட இரண்டு நூல் பெரிது. பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணி இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஒழுகுவது கயிற்றுக்கு அடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கும் மேல்தோலும் சேரும் இடத்தில். இவர் போட்ட ஒவ்வொரு ஜோடியும் எப்போது வந்தது, முதலில் எங்கே ஈரம் கண்டது என்று என் நோட்டில் இருக்கிறது. ஆறு ஜோடியில் நான்கு அந்த இடத்தில், இரண்டு பெருவிரல் மடியும் இடத்தில். அதைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

உலர்த்துவது, நம் ஊரில் எல்லாரும் செய்வதுபோல, சாண அடுப்பின் பக்கத்தில். வந்ததும் கழற்றி அடுப்பை ஒட்டி வைப்பது என் வேலை. காலையில் சூடாகக் கொடுத்தால் அவருக்குச் சுகமாக இருக்குமென்று. தப்பா, பெரியத்தான்?

மாலினேயோ


சுரங்க விடுதி, வெல்கோம்
19 மே 1996

தங்கச்சி மாலினேயோவுக்கு,

தப்புதான். அடுப்புச் சூடு தோலின் எண்ணெயைக் குடித்துவிடும். பிறகு அது காய்ந்த ரொட்டி மாதிரி, மடித்த இடத்தில் விரியும். ஆறு ஜோடியையும் தண்ணீர் கெடுக்கவில்லை, உன் அன்புதான் கெடுத்தது. இனிமேல் உள்ளே பழைய தாளைத் திணித்து நிழலில் வை. பத்து நாளுக்கு ஒரு முறை ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் சம அளவு உருக்கி, வெதுவெதுப்பாக, தையல்மேல் விரலால் தேய். துணியால் இல்லை, விரலால்.

உன் கணக்குத் தாளை விடுதியில் எங்கள் அறைக்காரர்கள் எட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் பூட்ஸிலேயே காலம் கழித்தவர்கள். கடைசியில் ஒரு கிழவர் சொன்னார்: "என் கால்ல இருந்ததை இப்படி ஒருத்தி பார்த்திருந்தா நான் இன்னும் பத்து வருஷம் நடப்பேன்."

நேற்று மூன்று கடை ஏறினேன். நாக்கு இரண்டு பக்கமும் கடைசிவரை தைத்திருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு கோக்கும் இடத்தில் தண்ணீர் நுழையாது. அடித்தோல் ஒட்டினதாக இல்லாமல் தைத்ததாக இருக்க வேண்டும். முன்னால் இரும்பு வைத்தது சுரங்கத்துக்கு நல்லது, அவனுக்கு வேண்டாம். பனியில் இரும்பு ஐஸாகிவிடும், உரசினாலும் அவனுக்குத் தெரியாது. இத்தனையும் பார்த்து எடுத்து, கல்லாவின்மேல் வைத்துக் குவளையால் உள்ளே தண்ணீர் ஊற்றினேன்.

கடைக்காரர் அலறினார். "யோவ், இது பூட்ஸா, குடமா?"

"ஒழுகாத குடம்னா வாங்கிக்கிறேன், முதலாளி."

முதல் ஜோடி தையலில் கசிந்தது. அடுத்த கடையில் குதிகாலில். இரண்டுக்கும் காசைக் கொடுத்துத் தொலைத்தேன், திட்டு தனி. மூன்றாவது கடைக்காரி ஒரு கிழவி. அவளே வாளி கொண்டுவந்து ஊற்றிவிட்டு, என்னோடு குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. இரண்டு பேரும் தையலை விரலால் தடவிப் பார்த்தோம்.

ஒன்று சொல்கிறேன். ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே பாறையிலிருந்து வெந்நீர் மழையாகக் கொட்டும். வானமே இல்லாத மழை. முதல் நாள் அதில் நின்றபோது பயத்தில் செபம்கூட மறந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து மேலே வந்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறை உலர்ந்திருந்தது. அன்றைக்கு நான் அழுதேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பூட்ஸை அனுப்புகிறேன். கொஞ்சம் பொறு.

மொட்லாட்சி


ஹா லெபோனா
9 ஜூன் 1996

பெரியத்தான் அவர்களுக்கு,

வானமே இல்லாத மழை என்று நீங்கள் எழுதியதை நான் நினைக்காத நாள் இல்லை. அந்த ஆழத்திலும் ஆண்டவர் ஒரு மனிதனின் காலுறையை உலர வைத்திருக்கிறாரே என்று மலைத்துப்போகிறேன்.

ஆனால் மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நிற்கிறேன். "உனக்கு ஒண்ணும் வரலைம்மா" என்று டிரைவர் தூரத்திலேயே கையை விரிக்கிறார். ஓடையில் ஐஸ் கட்டிவிட்டது. இவர் பழைய பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போகிறார். குழி இன்னும் மூடவில்லை. நேற்று நர்ஸ் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் கட்டுப் போட்டாள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயம்.

மனசு மாறிவிட்டதா? அப்படியென்றால் அதையாவது எழுதிவிடுங்கள். வேறு வழி பார்ப்பேன்.

மாலினேயோ


சுரங்க விடுதி, வெல்கோம்
20 ஜூன் 1996

தங்கச்சிக்கு,

இதோடு பூட்ஸ் வருகிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

புதுத்தோல் விறைப்பாக இருக்கும். நல்ல கால்காரன் வலித்தால் நின்றுவிடுவான். அவன் நிற்க மாட்டான், புண்ணோடு நடப்பான். யாராவது முதலில் போட்டு நடந்து தோலைப் பழக்க வேண்டும். அதே அளவு கால் யாருக்கு என்று தேடி, உன் தாளை விடுதித் தரையில் விரித்து ஒவ்வொருத்தனாக நிற்க வைத்தேன். சிலருக்குக் கோடு வெளியே தெரிந்தது, சிலருக்கு விரல் தாண்டியது. கடைசியில், சும்மா, என் காலை வைத்தேன்.

கோடு மறைந்துவிட்டது.

இடது மறைந்தது. வலது மறைந்தது. அந்த இரண்டு நூல் எனக்கும் இருக்கிறது. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். வெகுநேரம் அந்தத் தாளைவிட்டு இறங்க முடியவில்லை. ஒருத்தன் சொன்னான்: "என்ன பெரியவரே, தாள்ல வேர் விட்டிருச்சா?"

இந்த நான்கு வாரமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அதைப் போட்டு விடுதியைச் சுற்றி நடந்தேன். அவனுக்காக என்று ஆரம்பித்தேன். பிறகு அவனோடு நடக்கிற மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் திரும்பிப் போனது பூட்ஸுக்காக இல்லை. கணவாயில் பனியில் பஸ் நின்று, மீதியை நடந்தே வந்தேன். நான் வரும்வரை காத்திருக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பதற்காக.

தினமும் போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார். கல் இருக்கக் கூடாது.

மொட்லாட்சி


ஹா லெபோனா
12 ஜூலை 1996

அன்புள்ள பெரியத்தான் அவர்களுக்கு, ஆண்டவருக்கு ஆயிரம் தோத்திரம்.

பூட்ஸ் வந்த அன்று மத்தியானம், அவர் பார்ப்பதற்கு முன் ஓடைக்கு எடுத்துப் போனேன். உள்ளே புதுசாகக் கத்தரித்த ஆட்டுரோமத்தை அடைத்து, கனத்துக்கு ஒரு கல்லும் வைத்து, ஓடையின் ஐஸை உடைத்துக் கணுக்கால் ஆழத்தில் நிறுத்தினேன். ஒரு செபமாலை முழுவதும் சொன்னேன். பிறகு ரோமத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் ஓடை ஓடுகிறது, ரோமம் அடுப்படியில் வைத்ததுபோல் உலர்ந்திருக்கிறது. முழங்கால் போட்டுவிட்டேன். மாபுலேங் தண்ணீருக்கு வந்தவள், "பூட்ஸைக் கும்பிடுறியா, மாலினேயோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

எங்கிருந்து வந்தது என்று இவர் கேட்டார். "வேண்டிக்கிட்டேன், வந்துச்சு" என்றேன். பொய் இல்லை.

பதினொரு நாள் போட்டார். பிறகு இந்தப் பனி. வீட்டுக் கதவு பாதிவரை மூடிவிட்டது. போக வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நானும் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கூடப் போனேன். காற்று பனியை வாரிக் குறைத்த மேட்டு வழியாகவே நடந்தோம். பூமியில் எங்கள் இரண்டு பேர் அடியைத் தவிர ஒரு கோடு இல்லை. ஆறு நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. அளவு எழுதிக்கொண்டு திரும்பினோம். வந்த வழியைப் பார்த்து இவர் நின்றுவிட்டார்.

"யாரோ இந்த வழியா வந்திருக்காங்க."

"நாமதான் வந்தோம்."

குனிந்து ஒரு குதிகால் தடத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "வெளி ஓரம் தேஞ்சிருக்கு, பாரு. நான் உள்பக்கமா மிதிக்கிறவன். ஏழு வருஷம் ஆட்டுப்பட்டியில இந்த அடிக்குப் பின்னாலதான் நடந்தேன், எனக்குத் தெரியாதா? மொட்லாட்சி வந்திருக்கான்."

"நடந்தது நீங்க."

"நடந்தது நான். அடி அவனோடது."

பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. உங்கள் கடிதங்களை இடுப்பில் செருகித்தான் வைத்திருந்தேன். அங்கேயே வாசித்துக் காட்டினேன். "காத்திருக்க யாருக்கும் தோன்றவில்லையே" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு நாள் காத்திருந்தோம். மாமா ஊருக்குக் கிளம்பணும்னு குதிச்சாரு. அவர் கண்ணு அந்தப் பூட்ஸ் மேலயே இருந்துச்சு. முதல்ல எடுக்கிற உரிமை அவரோடது, கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். அதான் நான் முந்திக்கிட்டு, எனக்கு வேணும்னு வாங்கினேன். அவன் வந்ததும் கொடுக்கலாம்னு. சரியா இருக்கான்னு போட்டுப் பார்த்தேன். அந்நேரம் வந்து நின்னான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் வீம்பு வந்துச்சு. அவனா கேட்கட்டும்னு போட்டுக்கிட்டே திரிஞ்சேன்."

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறை உலர்ந்திருந்தது. கட்டை அவிழ்த்தேன். குழி மூடி, குழந்தைத் தோல்போல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. நர்ஸ் கௌஹேலோ நேற்று வந்து விளக்கைப் பிடித்து இரண்டு தடவை பார்த்தாள். "கால் உங்களுக்குத்தான்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மாமனாரின் பூட்ஸுக்கு நீங்கள் சொன்னபடியே கொழுப்பும் மெழுகும் உங்கள் தம்பி தன் விரலாலேயே தேய்த்து, உள்ளே தாளைத் திணித்து, சிலுவைக்குக் கீழே வைத்திருக்கிறார். அடுப்பிலிருந்து எட்டடி தள்ளி, அளந்துதான் வைத்தோம். நாக்கில் கொஞ்சம் விரிசல் இருக்கிறது, மற்றபடி பாதகமில்லை. உங்களுக்கு அளவு சரியாக இருக்கும், அது இப்போது நம் எல்லாருக்கும் தெரியும். தாய்மாமாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் முன்னால், முறைப்படி, மூத்தவர் கையில்தான் கொடுக்க வேண்டுமாம். "அவன் வர்ற வரைக்கும் யாரும் சாப்பிட உட்காரக் கூடாது" என்று இப்போதே உத்தரவு போடுகிறார்.

கணவாய் இந்த மாதக் கடைசியில் பஸ்ஸுக்குத் திறக்கும் என்கிறார்கள்; இந்தக் கடிதத்தைக் குதிரைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். எந்தத் தேதி, எந்தப் பஸ்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கச்சி,
மாலினேயோ