கறுத்த வெள்ளி, தேய்த்த வெள்ளி

6.10.97 திங்கள்

காலையிலிருந்து மழை. கணபதி பஸ் ஸ்டாப் வரைக்கும் சேறு. மொபெட் இரண்டு தடவை நின்றது. ஷெட்டுக்குள் நுழைந்தால் ஸ்டோர் வாசலில் கூட்டம்.

சர்க்யூட் பிரேக்கர் கான்டாக்ட் லாட் முழுவதும் கறுத்துவிட்டது. செம்புக் கை, நுனியில் பற்றவைத்த வெள்ளி. போன வாரம் நானே அளந்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, ஸ்டோருக்கு அனுப்பியது. அன்றைக்கு வெள்ளி வெள்ளியாக இருந்தது. இன்றைக்கு அடுப்புக்கரி.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஃபோர்மேன் ரங்கண்ணன் பத்துப் பத்தாகச் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருக்கிறார். ரப்பரில் கந்தகம். கூடவே மழை ஈரம். வெள்ளி கறுக்காமல் என்ன செய்யும்?

"டியூப்பு சும்மா கெடந்துச்சுங் தம்பி. நூலுல கட்டுனா அவுந்து போகுதுங்."

"ரப்பர் ஆகாதுன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறேனுங்கண்ணா."

"அது இங்கிலீசுல இருக்குதுங்களே."

உண்மை. ஐ.எஸ்.ஓ. வாங்குவதற்காக ஒட்டியது. ஆடிட்டர் மட்டும் படித்தார்.

நாளைக்கு: மீட்டருக்கு பாட்டரி, ஸ்பிரிட், பஞ்சு. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

7.10.97 செவ்வாய்

விட்டு விட்டுத் தூறல். முழுநாளும் அளந்தேன். கறுத்தவை 15, 16 மில்லிவோல்ட். நாலு தடவை மூடித் திறந்து உரசவிட்டால் 12. போன வாரத்து அளவேதான். வரம்பு 30. கறுப்பு மேல்தோல் மட்டும். நல்ல லாட்.

மாமாவிடம் போனேன். முதலாளி, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். டிப்ளமோ முடித்து ஒரு வருடம் சும்மா இருந்தவனுக்கு வேலை கொடுத்தவர். அதை யாராவது ஞாபகப்படுத்தாத மாதம் கிடையாது.

மறுபடியும் பாடம் நடத்தினேன். இரண்டு வெள்ளி முனையும் சேரும் இடத்தில் கொஞ்சம் வோல்ட்டேஜ் வீணாகும். அதைத்தான் மில்லிவோல்ட்டில் அளக்கிறோம். குறைந்தால் நல்லது. கூடினால் சூடு. சூடு ஏறினால் முனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிரேக்கர் ஷார்ட் ஆனாலும் விழாது, கரண்டை வெட்டாது. தறிக் கொட்டகையோ ஆஸ்பத்திரியோ, எரியும்.

"அதெல்லாஞ் செரி கண்ணு. பாக்கறதுக்குக் கறுப்பா இருக்குதே."

"மீட்டரப் பாருங்க மாமா."

"வாங்கற பெங்களூர்க்காரன் மீட்டரையா பாப்பான்? மூஞ்சியத்தான் பாப்பான். உனக்குப் பொண்ணு பாக்கப் போனாலும் நீ மீட்டரத் தூக்கிட்டுத்தான் வருவியாட்ட இருக்குது."

கணக்குப்பிள்ளை சிரித்தார். சம்பளம் வாங்குகிறவர், சிரிக்கத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை அவர்களுடைய இன்ஸ்பெக்டர் லாட்டைப் பார்க்க வரும்போது நானே அளந்து காட்டுகிறேன் என்றேன். "பாக்கலாம் கண்ணு." மாமா பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

9.10.97 வியாழன்

ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு டிராயிங் வாங்கிவர. கூரியரில் வந்திருக்கும். ஏன் நான்? அப்போது தோன்றவில்லை. திரும்பும் பஸ் முழுக்க வாழைக்கன்று, பூசணி, பொரி மூட்டை. பெருந்துறை வரைக்கும் நின்றே வந்தேன். ஒரு ஆள் என் காலில் பூசணியை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான்.

10.10.97 வெள்ளி. ஆயுத பூஜை

வெயில், அதிசயம். லேத், பிரஸ், பிரேசிங் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் பட்டை, பொட்டு. குவாலிட்டி பாலிசி படத்துக்குக்கூட சாமந்தி மாலை.

நடுவில் பித்தளைத் தாம்பாளம். அதில் குவியலாக என் கான்டாக்ட். கறுப்பு இல்லை. குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது.

ரங்கண்ணனுக்கு முகமெல்லாம் பெருமை. "நேத்து பூரா பொம்பளைங்க உக்காந்து தேச்சாங்க தம்பி. புளி போட்டு, பாத்திரம் தேய்க்கற பொடி போட்டு. எப்பிடி இருக்குதுங்?"

"இது குத்துவெளக்காங்கண்ணா?"

"மொதலாளிதானுங் சொன்னாரு."

ஈரோடு எதற்கென்று அப்போது புரிந்தது.

மீட்டரைத் தேடினேன். அதுவும் பூஜையில். முகத்தில் சந்தனம், மூன்று குங்குமப் பொட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம். எடுக்கப் போனேன். அத்தை, மாமாவின் மனைவி, தட்டோடு குறுக்கே வந்தாள்.

"பூசைக்கு வச்சதை நாளைக்குத்தான் எடுக்கோணும். உனக்கு இது தெரியாதாக்கும்?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். சுத்தியல் கூட இன்றைக்கு லீவு. எடுத்தேன். எலுமிச்சம்பழம் உருண்டு பிரஸ்ஸுக்கு அடியில் போயிற்று.

முதல் ஜோடி 43. அடுத்தது 58. மூன்றாவது நிற்கவே இல்லை, முள் ஆடிக்கொண்டே இருந்தது.

"இவனுக்குப் படிப்பு ஏறுன அளவுக்கு வேறொண்ணும் ஏறலீங்க," என்றாள் அத்தை, மாமாவிடம், எனக்குக் கேட்கும்படி.

பொரி தந்தார்கள். வாங்கவில்லை. ராத்திரி அம்மாவுக்கு போன் போய்விட்டது. அம்மா அழவில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

11.10.97 சனி

லென்ஸில் பார்த்தேன். வெள்ளி மெத்தென்ற உலோகம். பொடியில் பாதி மணல். தேய்த்த தேய்ப்பில் மணல் வெள்ளிக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கிறது, மைசூர்பாகில் எறும்பு மாதிரி. மேலே பளபளப்பு, உள்ளே மணல். மணலில் கரண்ட் எங்கே போகும்? கரியாக இருந்தபோது நன்றாக இருந்தது. கழுவிக் கெடுத்தார்கள்.

வழி உண்டு. லேசாக ஆசிட்டில் முக்கி, மேல்தோலை எடுத்து, திரும்ப அளக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

"திங்கக்கெழம ஆளு வர்றான். பத்து நாளுன்னா அவன் வேற ஊட்டுக்குப் போயிருவான் கண்ணு."

"எரிஞ்சா?"

"எரியறப்ப பாத்துக்கலாம்."

தேய்க்காமல் தப்பியவை என் மேசையில் பன்னிரண்டு. கறுப்பு. பத்திரப்படுத்தினேன், பஞ்சில் சுற்றி. ரப்பர் இல்லாமல்.

13.10.97 திங்கள்

பெங்களூர் இன்ஸ்பெக்டர். தமிழ் ஆள்தான், நல்ல மனுஷன் மாதிரி. வயிறு நிறைய டிபன், இரண்டு காபி. தாம்பாளத்தைப் பார்த்ததும், "அடேங்கப்பா, நகைக்கடை மாதிரி இருக்கே!" மாமா சிரித்தார். ரங்கண்ணன் தரையைப் பார்த்தார்.

கறுப்புப் பன்னிரண்டையும் மீட்டரையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்பு அளந்தேன், 12. வெள்ளை அளந்தேன், 51. இன்ஸ்பெக்டர் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். புரிந்தது அவருக்கு. அதுதான் எரிச்சல். புரியாத ஆளாக இருந்தால் திட்டிவிட்டுப் படுக்கலாம்.

"தம்பி, நீங்க சொல்றது சரி. ஆனா கறுப்ப எடுத்துட்டுப் போனா ஸ்டோர்காரன்லேருந்து ஜி.எம். வரைக்கும் என்னைக் கேப்பாங்க. வெள்ளைய எடுத்துட்டுப் போனா மீட்டர் மட்டுந்தான் கேக்கும். அங்க அத யாரு வெளிய எடுக்கறாங்க?"

லாட் பாஸ்.

சான்றிதழ் கேட்டார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா டிராயரிலிருந்து எடுத்து நீட்டினார். பூஜைக்கு முந்தின வாரத்தது, கறுப்பதற்கு முன் கொடுத்தது. 11, 12, 12, 11. என் எழுத்து. என் கையெழுத்து.

"அது தேய்க்கறதுக்கு முன்னாடி அளந்தது மாமா."

"லாட் நம்பர் அதேதான கண்ணு?"

அதேதான். ஒரு பொய்யும் இல்லை. நான் அளந்தது சரி, எழுதியது சரி, கையெழுத்தும் என்னுடையது. எங்கேயாவது ஒரு கொட்டகை எரிந்தால் அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரே பெயர் என்னுடையது.

14.10.97 செவ்வாய்

மழை மறுபடி. அம்மா காலையில்: "மாமன்கிட்ட ஒரு வார்த்த தப்புன்னு சொல்லிப்போட்டா என்ன கொறஞ்சு போகுது உனக்கு?" பி.பி. மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

நாலு மணிக்கு உக்கடம் பார்சல் ஆபீஸ் வண்டி வரும் என்றார்கள். மூன்றரைக்கு பேக்கிங் பக்கம் போனேன். மரப்பெட்டி திறந்திருந்தது, மேலே பாலிதீன் கவரில் சான்றிதழ். ரங்கண்ணன் வாயில் ஆணி, கையில் சுத்தியல்.

கவரை எடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: மேலே உள்ளவை தேய்ப்பதற்கு முன் அளந்தவை. தேய்த்த பின்: 43, 58, 51. பொருத்தக் கூடாது. பெயர். இன்றைய தேதி. பெங்களூரில் யார் படிக்கப்போகிறார்கள்? பளபளப்பைப் பார்ப்பார்கள், காகிதம் ஃபைலுக்குப் போகும். இருந்தாலும் எழுதினேன். இங்கிலீஷிலும் எழுதினேன்.

ரங்கண்ணன் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "ஏனுங் தம்பி, மாமனக் கேட்டுப்போட்டீங்களா?"

"இல்லீங்."

ஆபீஸ் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கவரை வாங்கி உள்ளே வைத்து, மேலே வைக்கோலைப் பரப்பினார்.

"அப்ப வெரசா ஆணி அடிச்சுப்போடறனுங்."

வண்டி போயிற்று. அரைமணியில் பியூன் வந்தான், மாமா கூப்பிடுகிறாராம். வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். மீட்டரில் இன்னும் குங்குமம். முதலில் அதைத் துடைக்க வேண்டும்.