தானாகப் புதுப்பிக்க வேண்டாம்

திண்டிவனம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

இசைவாணி அப்பாவுக்கு, காந்திமதி எழுதிக்கொள்வது. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இசைவாணி தீபாவளிக்கு வந்தாள். பரீட்சை என்று மறுநாளே சென்னை ஹாஸ்டலுக்கு ஓடிவிட்டாள்.

போனில் பேச ஆரம்பித்தாலே, "ரூம்ல எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்பும் ஆரோக்கியராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வறுத்த மல்லாட்டையும் கேப்பை மாவும் கூட இருக்கிறது. கடலையை ரூமில் எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு உட்காராதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

பேங்க் டெபாசிட் போன மாதம் முதிர்ந்துவிட்டது. அப்படியே இன்னும் ஐந்து வருஷத்துக்குப் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஆடி மாதம், விழுப்புரத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு நாலு நாள் போனேனே, அது கல்யாணம் இல்லை. பித்தப்பையில் கல் இருந்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது தேறிவிட்டேன், பயப்படாதீர்கள். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டபோது பக்கத்துக் கட்டில் அம்மாவைக் காட்டினேன். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள், நீங்கள் கேட்டால் மாட்டிக்கொள்வோமே என்று பயந்துகொண்டே சொன்னேன். நீங்கள் "சரி, போய்ட்டு வா" என்றீர்கள். ஆபரேஷனுக்குக் கூட நான் அவ்வளவு அழவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கட்டக் கையில் பணமில்லை. வட்டி கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே ரசீதில் போட்டுப் பூட்டிவைத்திருந்தோம். அதை உடைக்கத்தான் போனேன். பேங்கில் வேலை பார்க்கும் கலைப்பிரியா, "இன்னாக்கா, முடிய மூணு மாசந்தான் இருக்கு, இப்பப் போயி உடைச்சா வட்டியில புடிச்சிக்குவாங்க. அது மேலயே லோன் வாங்கிக்கோ" என்று தடுத்தாள். நல்ல பெண். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

முதிர்ந்ததும் கடன் போக மீதியை அவள் சொன்னபடி மூன்றாகப் பிரித்தேன். ஒன்று ஒரு வருஷத்துக்கு, ஒன்று இரண்டுக்கு, இன்னொன்று மூன்றுக்கு. வருஷா வருஷம் ஒன்று கைக்கு வரும். தேவையிருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் திரும்பப் போடலாம். அவசரத்துக்கென்று கொஞ்சம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. துரைக்கண்ணு மாமா ஏதோ பைனான்ஸில் இரட்டை வட்டி என்று நச்சரித்தார். காது கேட்காதவள் போல வந்துவிட்டேன்.

ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. வைத்ததையே இரண்டு நாள் சுடவைத்துச் சாப்பிடுகிறேன். பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிறேன். தனியாக இருக்க முடியவில்லைங்க.

பேங்க் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவா என்று. முதல் தடவை நீங்கள் அதில் டிக் போட்டீர்கள். ஐந்து வருஷம் முடிந்ததும் பணம் நம்மைக் கேட்காமலே இன்னொரு ஐந்து வருஷத்துக்குப் போய்விட்டது. அந்த முதல் ஐந்து வருஷம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் நீங்களும் போனீர்கள். பணத்தோடு சேர்ந்து உங்கள் கான்ட்ராக்டும் புதுப்பித்துக்கொண்டது.

இந்தத் தடவை நாள் பார்த்துப் போய் நிறுத்தினேன். மூன்று படிவத்திலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தை மாதம் உங்கள் கம்பெனியில் மறுபடி பேப்பர் நீட்டுவார்கள் என்று ஆரோக்கியராஜ் அண்ணன் சொன்னார். அதில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள். இருப்பதை வைத்து இரண்டு பேரும் சமாளிக்கலாம்.

அடுத்த ஆடியில் நான் கல்யாணத்துக்குக் கிளம்பினால், "ஆடியில ஏதுடி கல்யாணம்" என்று கேட்க நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அதுவரை மயிலம் முருகன் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
காந்திமதி