குடத்து வரிசையில் நின்ற மேனேஜர்

மாமா,

நேற்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பணம் எடுக்கும் மிஷின் வாசலில் ஒரு செக்யூரிட்டி தூங்கிக்கொண்டிருந்தார். என் வயசு இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கி. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். "இன்னாம்மா ஆச்சு?" என்று மகள் கேட்டாள். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

அது எண்பத்து நாலோ அஞ்சோ. திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை ஆட்டுகிற எண்ணெய் மில்லில் நீயும் கோதண்டமும் ராத்திரி வாட்ச்மேன்கள். உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து முதலாளி கொடுத்தது ஒரே தொப்பி. கேட்டில் நிற்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டும், பின்பக்கம் போகிறவன் கழற்றிக் கொடுக்க வேண்டும். கோதண்டத்தின் பெரிய தலையில் அது உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உனக்கோ கண்ணை மூடிவிடும். "தொப்பிதான் டூட்டி பாக்குது. நான் சும்மா அத்த தாங்கிக்கினு நிக்கிறேன்" என்பாய். டார்ச் இரண்டு இருந்தது, பேட்டரிக் கட்டை ஒரு ஜோடிதான். பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் கேட்டிலிருந்து கட்டை போக வேண்டும். "திருடன் வந்தா, இருய்யா, கட்ட வருதுன்னு சொல்லி நிக்க வச்சிருப்பேன் அண்ணி" என்பான் கோதண்டம். நான் சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போவேன்.

கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. மணிக்கு ஒருதரம் அதைச் சுத்தியால் அடிக்க வேண்டும். அடி கேட்டால்தான் எதிர்வீட்டு முதலாளிக்குத் தூக்கம். கேட்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடுவார். அஞ்சு அடித்ததும் கேட்டைத் திறக்க வேண்டும். தெருப் பெண்கள் எல்லாம் குடத்தோடு வந்து மில் குழாயில் வரிசை கட்டுவோம். எங்கள் தெருவில் யார் வீட்டில் கடிகாரம் இருந்தது? உன் அடிதான் எங்களுக்கு விடியல்.

அந்த வரிசைக்கு முன்னால்தான் அவன் உன்னை நிறுத்தினான். மேனேஜர், முதலாளி பெண்டாட்டியின் தம்பி. குடோனில் எண்ணெய் டின் குறைகிறது என்றான். நீ டூட்டி முடிந்து கிளம்புகிற நேரம். துண்டை உதறச் சொன்னான், உதறினாய். தூக்கைக் கவிழ்க்கச் சொன்னான், கவிழ்த்தாய். மிச்சமிருந்த கேப்பைக் கூழ் மண்ணில் கொட்டியது. வேட்டியைத் தளர்த்திக் காட்டச் சொன்னான். அத்தனை பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் குடத்தோடு நின்றேன்.

"ஒண்ணும் இல்லியே சார்" என்றாய்.

"திருடுறவன் எண்ணெய மடியில கட்டிக்கினு போவானா? ராத்திரி பின்பக்கம் இருந்தவன் நீதான? போடா வெளிய, திருட்டு நாயே."

தூக்கை மூடி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாய். 

அதற்குப் பிறகு திண்டிவனத்தில் உனக்கு யார் வேலை தருவார்கள்? விழுப்புரம் வந்தோம். இங்கேயும் காவல் வேலை கேட்ட இடத்தில் எல்லாம், "எண்ணெய் திருடின வாட்ச்மேன் நீதானா?" என்றார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினாய். அந்த உடம்பு மூட்டை தூக்குகிற உடம்பா? மழைக்காலத்தில் இருமல் பிடித்தது, விடவே இல்லை. பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் நீ என்னிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாய்.

"அந்தப் பொம்பளைங்க நம்பியிருப்பாளுங்களா?"

"நம்பமாட்டாங்க மாமா" என்று சொன்னேன். நீ நம்பவில்லை. அப்படியே போய்விட்டாய். நீ செத்ததற்கு நான் அழுததைவிட, அந்தக் கேள்வியோடு செத்தாயே என்று பல்லைக் கடித்ததுதான் அதிகம்.

உன் கருமாதிக்குக் கோதண்டம் வந்தான். சாப்பிடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, டின்னு இன்னும் கொறையுது."

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே. இப்ப யாரு திருடுறது?"

"மேனேஜருதான். இப்ப ராத்திரிக்கு நான் ஒத்த ஆளுதான். சனிக்கெழம ராத்திரி ரெண்டு அடிச்சதும், நீ பின்னால கொட்டாய்க்குப் போய் நில்லுடான்றாரு. போன வாரம் ஒளிஞ்சிக்கினு பாத்தேன். மாட்டு வண்டியில ஏத்துறாரு."

"மொதலாளிகிட்ட சொல்றதுதான?"

"மச்சானாச்சே அண்ணி. நான் சொன்னா, என்னையும் துண்ட உதறச் சொல்வாரு."

"மொதலாளி பாக்க வேணாம் தம்பி. அந்தக் குழாயடிப் பொம்பளைங்க பாக்கணும்."

அவனுக்கு விளங்க நேரமானது. விளங்கியதும் எழுந்துவிட்டான். "ரெண்டு மணிக்கு அஞ்சு அடிக்கிறதா? ஐயோ, என்னால ஆவாது."

"நீ கேட்ட மட்டும் தொற. நான் அடிக்கிறேன்."

சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் போனேன். மார்கழிப் பனி, பக்கத்து ஆள் தெரியவில்லை. கோதண்டம் என்னைப் புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தான். இரண்டு அடித்தான். மேனேஜர் வந்தான், அவனைப் பின்னால் விரட்டினான், குடோனைத் திறந்தான். வண்டியில் டின் ஏறுகிற சத்தம் கேட்டதும் நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். சுத்தியை எடுத்து அஞ்சு அடி அடித்தேன். ஒவ்வோர் அடியும் அவன் மண்டையில் அடிப்பதாக நினைத்துத்தான் அடித்தேன்.

அவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தூக்கக் கலக்கத்தில் தப்பாக அடிப்பது உங்கள் இரண்டு பேருக்கும் புதுசா? குடோனுக்குள் இருந்தே கத்தினான். "டேய் கோதண்டம்! ரெண்டு மணிக்கு எத்தினி அடிக்கிற? தூங்கித் தொலையிறியா?" திட்டிவிட்டு அடுத்த டின்னைத் தூக்கினான்.

தெருவில் கதவுகள் திறந்தன. "இப்பதான கண்ண மூடுனேன், அதுக்குள்ள விடிஞ்சிடுச்சா?" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே குப்பம்மா அக்கா முதலில் வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். கோதண்டம் கேட்டை விரியத் திறந்தான். உள்ளே வண்டி நிற்கிறது. மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் டின்னோடு நிற்கிறான்.

"இன்னா சார், வாட்ச்மேன் போயி இப்ப நீங்களே சொமக்கிறீங்களா?" என்றாள் குப்பம்மா அக்கா.

"டெஸ்ட்டுக்கு... எண்ணெய் டெஸ்ட்டுக்குப் போவுது."

"வண்டி நெறையவா டெஸ்ட்டு பண்ணுவாங்க?"

அஞ்சு அடி கேட்டு முதலாளியும் எழுந்து, குளித்து, பட்டை பூசிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குடும்ப மானம்மா. உனக்கு இங்கயே வேல போட்டுத் தர்றேன். சத்தம் வேணாம்" என்றார்.

"வேல வேணாங்க. எம் புருஷன ஒங்க மச்சான் இவங்க முன்னாலதான் திருடன்னாரு. இவங்ககிட்டயே இல்லன்னு சொல்லட்டும். சொல்லலன்னா, விடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போறேன்."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவன் டின்னை இறக்கிவிட்டு, தரையைப் பார்த்து முனகினான். "அவரு திருடல. நாந்தான் எடுத்தேன்."

"கேக்கல சார்" என்றாள் குப்பம்மா அக்கா.

மறுபடி சொன்னான். அடுத்தவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, "எனக்கும் கேக்கல. கிட்ட வந்து சொல்லுங்க" என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். யாரும் பேசி வைக்கவில்லை மாமா. அவன் குடம் குடமாக, வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கோதண்டம் முதலாளி பக்கத்தில் நின்றதால் சிரிக்க முடியாமல் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் நான் நின்றேன். என்னிடம் வரும்போது அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஒம் புருஷன் திருடலம்மா."

எனக்கு நன்றாகவே கேட்டது.

"கேக்கல" என்றேன். திரும்பச் சொன்னான். "கேக்கல." நிஜமாகவே விடிகிற வரைக்கும் அவனை விடவில்லை.

நீ திருடினாய் என்று அந்தப் பெண்கள் நம்பினார்களா என்று கேட்டாயே. இல்லை மாமா. இப்போது தெரிந்துகொள்.

ஆனால் அவன் நல்லபடியாகத்தான் இருந்தான். மச்சானாயிற்றே, போலீஸ் வரவில்லை. பேரன் பேத்தி எடுத்தான். போன ஆடியில் நம் பழைய தெருவுக்குப் போய்விட்டு, மேல்மலையனூர் போகத் திண்டிவனத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். அவன் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பு ஊன்றிக்கொண்டு எதிரில் வந்தான். அடையாளம் தெரிந்து நின்றான். "எம்மா, ஒம் புருஷன் விசயத்துல நான் பண்ணது பெரிய தப்பு. சாவப்போறேன். மன்னிச்சிடும்மா" என்றான்.

மன்னித்துவிடு என்றுதான் மகளும் சொல்கிறாள். நான் கையைக் குவித்துக் காதோரம் வைத்தேன்.

அந்த மருமகளுக்கு என்ன தெரியும்? "அந்தம்மாவுக்குக் காது மந்தம் போல. சத்தமா சொல்லுங்க" என்றாள்.

அவன் கம்பைப் பிடித்துக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "ஒம் புருஷன் திருடல! நாந்தான் திருடன்!" என்று கத்தினான். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

நான் கையை இறக்கவில்லை, மாமா. பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் நகர்கிற வரைக்கும் என் கை காதிலேயே இருந்தது.